பழைய சைக்கிள்களைக் கொடுத்து கார்பன் சைக்கிள் வாங்கலாமா?

கேள்வி: மன்னார்குடியில் இருக்கிறேன், வயது 38. கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய 26 இன்ச் மவுன்டன் பைக் (பின்னால் ஸ்பிரிங் உண்டு), வேலைக்குச் சேர்ந்தபின் வாங்கிய அலுமினிய ரோடு பைக் இரண்டும் பல வருடமாகச் சும்மா நிற்கின்றன. இரண்டையும் எடுத்துக்கொண்டு, மேலே 30 ஆயிரம் கொடுத்தால் வெளிநாட்டு கார்பன் சைக்கிள் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கார்பன் இழையில் செய்த ஃபிரேமில் மிச்சமாவது எடை. அந்த மிச்சம் ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ ஏறும்போது தெரியும். மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் வரை போய்வந்தாலும் உங்களுக்கு ஏற்றம் என்றால் ஆற்றுப்பாலம்தான். சமதரையில் உங்களை இழுத்துப் பிடிப்பது காற்றும் டயரும். ஆடிக்காற்றில் மேற்கே பார்த்து ஓட்டியவர்களுக்கு இது தெரியும்.

சைக்கிள் தருவதாகச் சொன்ன அந்த ஆள் விஷயத்துக்கு வருகிறேன். பெடல் அச்சு போகும் குழாயின் அடியில், சைக்கிளைக் கவிழ்த்தால், ஃபிரேம் எண் தெரியும். அது சுரண்டப்பட்டிருந்தாலோ, புதுப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தாலோ அந்தச் சைக்கிளைத் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் அதுவே குற்றம். பில் இல்லாமல் 'இம்போர்ட்டட்' என்ற பேச்சுக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். கார்பனில் விரிசல் விழுந்தால் பெயின்டுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஒரு காலத்தில் நகராட்சியில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கினோம். இன்று லட்ச ரூபாய் சைக்கிளுக்குக்கூட ஒரு பதிவேடு கிடையாது. தொலைத்தவன் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடக்க வேண்டியதுதான். இப்படி விட்டுவைத்திருப்பது அநியாயம்.

சரி, எதை ஓட்டுவது? ரோடு பைக்கை. அதில் அனேகமாக 23 மில்லிமீட்டர் அகல டயர் இருக்கும். நம் ஊர் ரோட்டுக்கு அது ரொம்ப ஒல்லி. ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருந்தால் 28 போடுங்கள், இல்லாவிட்டால் 25. காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம், இடுப்பு தப்பிக்கும். மவுன்டன் பைக்கின் பின் ஸ்பிரிங் நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதைப் படுகைப் பாதைக்கும் வாய்க்கால் கரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு டயர் வாங்கப் போகும்போதுதான் கவனம் வேண்டும். கடையில் '26' என்று மட்டும் கேட்டால் தப்பான டயரைத் தூக்கிக் கொடுப்பார்கள். மவுன்டன் பைக்கின் 26-க்கு ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 x 1 3/8 என்று போட்ட சாதா சைக்கிள் டயருக்கு அது 590. பெயர் ஒன்றுதான், ஒன்றுக்கொன்று சேரவே சேராது. 26 x 1.95 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் பெரும்பாலும் உங்களுடையது. பின்னமாக எழுதியிருந்தால் வேறு. அதையும் நம்பாமல் டயர் பக்கவாட்டில் 559 என்ற எண்ணைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். ரோடு பைக்குக்கு 622. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரே எண்ணைப் பெரிதாக அச்சடித்தால் போதும். கம்பெனிகள் செய்வதில்லை.

இரண்டுக்கும் செயினை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு பின்னின் (செயின் கண்ணிகளைக் கோக்கும் ஆணி) நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வரவேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். 1/8 தள்ளியிருந்தால் பின்சக்கரப் பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். 'கியர் செட் மொத்தமும் போச்சு' என்று மெக்கானிக் சொன்னால், கணக்கு எழுதுவதற்கு முன் இந்த அளவை அவர் கண்முன்னே எடுத்துக் காட்டுங்கள். பிரேக் கட்டை, கேபிள், டியூப் எல்லாம் ஓட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். நின்ற சைக்கிளில் ரப்பர் இறுகிப்போயிருக்கும். சீட் கம்பியை ஒருமுறை வெளியே உருவி, கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்கள். நம் ஈரத்தில் அது ஃபிரேமோடு பிடித்துக்கொண்டால் அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.