“நாளைக்குச் சாப்பிடுறேன், எடுத்து வை”

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 31. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். சாங்கியில் விமானப் பராமரிப்பு வேலை. நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. வேலை நாளில் காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை. மனைவிக்கு 27. அறந்தாங்கிக்குக் கிழக்கே கடல் பக்கம் ஊர். வேதியியல் படித்து, பி.எட். முடித்து, அங்கே இரண்டு வருடம் டீச்சராக இருந்தாள். பெரியவர்கள் பார்த்த சம்பந்தம்தான். ஆனால் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஏழு மாதம் தினமும் போனில் பேசினோம். தாலி கட்டும்போது காதல் கல்யாணம் மாதிரிதான் இருந்தது. இப்போது 16 மாதம் ஆகிறது. ஈசூனில் பழைய புளோக்கில் மூவறை வீடு.

என்னைப் பெற்ற அம்மாவும் ஈசூனில்தான், மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி. அப்பா தவறி இரண்டு வருடம், தனியாக இருக்கிறார். வேலை விட்டு வரும் வழியில் எட்டிப் பார்ப்பேன். பார்த்தால் சும்மா விடுவாரா? தட்டை வைத்துவிடுவார். மீ கோரிங், சம்பல் போட்ட கங்கோங் கீரை, எல்லாம் சின்ன வயதிலிருந்து என் நாக்குக்குப் பழகியது. மிச்சத்தை டப்பாவில் போட்டுக் கொடுத்தும் விடுவார். எங்கள் வீட்டில் இப்போது அம்மாவின் டப்பா ஒன்பது கிடக்கிறது. வீட்டுக்கு வந்தால் மனைவி சமைத்துவிட்டுக் காத்திருப்பாள். அவள் மனம் கோணக்கூடாது என்று மறுபடியும் உட்கார்ந்து சாப்பிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு எட்டுக் கிலோ ஏறியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அவள் கொடுவா மீன் வாங்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். (பகலில் தனியாகவே எம்ஆர்டி ரயில் ஏறி, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள். எப்போதும் சேர்ந்துதான் போவோம்.) அன்று எனக்கு உண்மையிலேயே முடியவில்லை. அம்மா வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். “நாளைக்குச் சாப்பிடுறேன், எடுத்து வை” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சமையலறையில் குப்பை போடும் குழாயின் கதவு டமார் என்று திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சட்டி காலி. ஏழாவது மாடியிலிருந்து அத்தனை குழம்பும் கீழே போய்விட்டது.

அதிலிருந்து சமையல் இல்லை. அவளுக்கு மட்டும் கொஞ்சம் சோறும் பருப்பும் வைத்துக்கொள்கிறாள். கேட்டால், “உங்களுக்குத்தான் சாப்பாட்டுக்குக் குறையில்லையே, கீழே கோப்பிக்கடை வேற இருக்கு” என்கிறாள். சண்டை போட்டாலாவது தேவலாம். மாதம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அவள் கையில் கொடுக்கிறேன், ஒன்றுக்கும் குறை வைக்கவில்லை. பெற்ற தாயிடம் ‘சாப்பாடு வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேர் கையாலும் சாப்பிட்டது குற்றமா?

— ஈசூன் வாசகர்

~

அன்புள்ள தம்பிக்கு,

குற்றமில்லை. எட்டுக் கிலோவுக்கு மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மீ கோரிங் இருக்கிறது, கங்கோங் இருக்கிறது, டப்பாக்களைக்கூட எண்ணி எழுதியிருக்கிறீர்கள். முக்கியமான ஒரு சேதியை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். உங்கள் மனைவி அன்று முதல்முறையாகத் தனியாகத் தேக்காவுக்குப் போயிருக்கிறார்.

அவர் இடத்தில் இருந்து அந்தப் பகலைப் பாருங்கள். ஈசூனில் ரயில் ஏறி, நியூட்டனில் இறங்கி, டவுன்டவுன் ரயிலுக்கு மாறி, அடுத்த நிறுத்தத்தில் லிட்டில் இந்தியா. பிறந்ததிலிருந்து இங்கே இருக்கும் உங்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு போகிற வழி. 16 மாதமாகக் கணவன் கூடவே போய் வந்த பெண்ணுக்கு அப்படியா? மாறுகிற இடத்தில் திசை தப்பியிருக்கலாம். மீன்கடையில் விலை கேட்டு, சீனக் கடைக்காரரிடம் கையைக் காட்டிப் பேரம் பேசியிருக்கலாம். கடற்கரை ஊர்ப் பெண், செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார். சாயங்காலம் முழுக்க மனதுக்குள் அந்தக் கதையை ஓட்டிப் பார்த்திருப்பார், உங்களிடம் சொல்வதற்கு. நீங்கள் முதல் வாய் வைத்ததும் “மீன் எங்கே வாங்கினே?” என்று கேட்டிருந்தால் அது தானாக வெளியே வந்திருக்கும். நீங்கள் எடுத்து வைக்கச் சொன்னது குழம்பை. அவர் காதில் விழுந்தது வேறு.

இதைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளைக் கவனித்தார். ஒருவர் மற்றவரைத் தன் பக்கம் திருப்பச் சின்னச் சின்னதாக என்னவெல்லாம் செய்கிறார், அதற்கு மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதைத்தான் எண்ணினார். ‘மழை வருது பாரேன்’ என்பது ஓர் அழைப்பு. ‘உப்பு சரியா இருக்கா’ என்பது இன்னொன்று. ஆறு ஆண்டு கழித்துச் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள், அப்படிப்பட்ட அழைப்புகளில் 100க்கு 86 தடவை திரும்பிப் பார்த்தவர்களாக இருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 தடவை. பெரிய சண்டைகளைவிட இந்தச் சில்லறைக் கணக்கைத்தான் நான் என் ஆலோசனை அறையில் அதிகம் பார்க்கிறேன். நம் வீடுகளில் அந்த அழைப்பு பெரும்பாலும் தட்டில்தான் வருகிறது. நேராக வாயால் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் நாம்.

நீங்கள் மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டதைப் பெரிய தியாகமாக எழுதியிருக்கிறீர்கள். வயிறு நிறைந்தவன் சாப்பிடுவதைச் சமைத்தவள் கண்டுபிடிக்காமல் இருப்பாளா? உங்கள் விரலில் சம்பல் வாசனை இருக்கும்போதே தெரிந்திருக்கும். கடமைக்கு விழுங்கிய அத்தனை இரவுகளையும் சேர்த்துத்தான் அவர் அன்று அந்தக் குழாயில் கொட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

வேலை நாளில் நீங்கள் கிளம்பும் நேரத்திலிருந்து அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும் வரை பதினான்கு, பதினைந்து மணி நேரம் அவர் தனியாக இருக்கிறார். வகுப்பு நிறையப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவர். இங்கே அவருக்கு ஒரே மாணவர் நீங்கள்தான், அந்த மாணவரும் வேறு இடத்தில் டியூஷன் முடித்துவிட்டு வருகிறார்! 600 வெள்ளி தாராளம்தான், தம்பி. அது இந்தக் காலி நேரத்தை நிரப்பாது.

அவருடைய அனுமதி அட்டை பற்றி நீங்கள் எழுதவில்லை. நீண்டகால வருகை அட்டை என்றால், சிங்கப்பூரரை மணந்தவர் மனிதவள அமைச்சின் ஒப்புதல் பெற்று இங்கே வேலை பார்க்க வழி இருக்கிறது. அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும். வேலை உடனே வேண்டாம் என்றாலும் ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் வட்டார நூலகம் தூரமில்லை, தமிழ்ப் புத்தகங்கள் அங்கே உண்டு. உங்களை நம்பாமல் அவர் போய்வரக்கூடிய இடங்கள் நாலைந்து சேரட்டும். தேக்காதான் முதலாவது. அதை அவரே தொடங்கிவிட்டார், கவனித்தீர்களா?

இனி உங்கள் தாயார். கணவர் போனபிறகு அவர் சமைத்ததைச் சாப்பிட ஆள் வருவது நீங்கள் எட்டிப் பார்க்கும் அந்த அரை மணி நேரம்தான். அதை வெட்டிவிடச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் இரண்டு வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே வாய்க்காகக் காத்திருக்கிறார்கள், அந்த வாயோ இருவரிடமும் உண்மை பேசுவதில்லை. அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்: “வேலை நாள்ல கோப்பி மட்டும் போதும்மா, ஓய்வு நாள்ல மதியம் நாங்க ரெண்டு பேரும் சாப்பிட வர்றோம்.” இதைச் சொல்லும்போது ‘அவ கோவிச்சுக்கிறா’ என்ற வார்த்தை தப்பித் தவறியும் வரக்கூடாது. வந்தால் நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள், பழி அந்தப் பெண்மேல் போய் உட்காரும். அம்மாவுக்கு இரண்டு வாரம் வருத்தம் இருக்கும். இருக்கட்டும்.

வீட்டில் என்ன செய்வது? ‘ஏன் சமைக்கல’ என்று கேட்பதை நிறுத்துங்கள். சமாதானத்துக்குப் பிரியாணி பொட்டலம் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வெளியிலிருந்து வரும் இன்னொரு சாப்பாடாகத்தான் அது தெரியும். அடுத்த ஓய்வு நாளில் சோற்றையும் பருப்பையும் நீங்கள் வையுங்கள். குழைந்தாலும் பரவாயில்லை. சாப்பிடும்போது கேளுங்கள், “அன்னைக்குத் தேக்காவுக்கு எப்படிப் போனே? நியூட்டன்ல வழி தெரிஞ்சுதா?” என்று. ஒரு மாதம் தாமதமான கேள்விதான். முதல் நாள் பதில் வராமல் போகலாம். அழுகை வந்தாலும் வரும். எதிர்க்கேள்வி கேட்காமல், “அன்னைக்கே கேட்டிருக்கணும்” என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று. அவர் சரியாகத் தூங்குகிறாரா, ஊருக்குப் போன் பேசுவது குறைந்திருக்கிறதா, பகலெல்லாம் படுத்தே இருக்கிறாரா என்று பாருங்கள். அப்படி இருந்தால் இது குழம்புச் சண்டையோடு நிற்கிற விஷயமில்லை. பக்கத்திலுள்ள குடும்ப சேவை நிலையத்துக்குப் போகலாம். பீட்டி சாலையில் உள்ள சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்திலும் குடும்பங்களுக்கு உதவுகிறார்கள். இருவருமாகப் போங்கள், அவரை மட்டும் அனுப்பாதீர்கள்.

கடைசியாக அந்த ஒன்பது டப்பா. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது உங்கள் அம்மாவுக்கும் தெரியும், உங்கள் மனைவிக்கும் தெரியும். ஒன்பதும் அங்கேயே கிடப்பதற்கு ஒருவேளை அதுவே காரணமாக இருக்கலாம்; எதைப் போட்டுக் கொடுப்பது என்று அவருக்குப் புரிந்திருக்காது. நீங்களே நிரப்புங்கள், டப்பாவுக்கு நாலு ஆரஞ்சுப் பழம் போதும். மனைவியை இப்போதைக்கு நிரப்பச் சொல்லாதீர்கள்.