மாமரத்துல புல்லுருவி: வளக்கறதா, வெட்டறதா?

கேள்வி: மாதவரம் பால்பண்ணை பக்கம் வீடு. பின்னாடி அப்பா வெச்ச பங்கனபள்ளி மரம், ரெண்டு ஆடும் இருக்கு. மரத்துல நாலஞ்சு எடத்துல புல்லுருவி தொங்குது. மருந்துக்கு வாங்கற வியாபாரி ஒருத்தர் "வெட்டாதீங்க, வளத்து விடுங்க, கிலோ கணக்குல எடுத்துக்கறேன், விதையும் தர்றேன், அதுக்கு மட்டும் காசு குடுங்க"ன்றார். இந்த வருஷம் காய் பாதி கூட இல்ல, பயமா இருக்கு. எப்படி வளக்கறது?

பதில்: தம்பி, புல்லுருவி மரத்து மேல ஒட்டி அதோட தண்ணிய உறிஞ்சி வாழற செடி, மண்ணுல வராது, பழுத்த பழத்த பிதுக்கி அந்த பிசுபிசு விதைய உயிரோட இருக்கற சின்ன கிளையில அப்பினா ஒட்டிக்கும், அவ்ளோதான். இத உங்க மரத்துல பூக்கொத்திக் குருவி தெனமும் சும்மாவே செய்யுது, பழத்த தின்னுட்டு விதை ஒட்டிக்கறதால பின்பக்கத்த கிளையில தேச்சுட்டுப் போகும். காஞ்ச விதை முளைக்கவும் முளைக்காது, அதுக்கு காசா?

நீங்க கேட்டிருக்க வேண்டியது மரம் தாங்குமான்னு. மாமரம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கும், அதனால முழுப்பழியும் இது மேல போட மாட்டேன். ஆனா முண்டு கட்டி ஒட்டியிருக்கற எடத்துக்கு அந்தாண்ட கிளை நுனியப் பாருங்க, இலை சிறுத்து காஞ்சு போயிருந்தா தண்ணிய இதுதான் உறிஞ்சுது.

வெட்டுங்க. கையால பிச்சுப் போட்டா போதாது, உள்ள எறங்கின வேர் திரும்ப துளுக்கும், அதோட பட்டை மேலயே கொடி மாதிரி ஓடி அங்கங்க ஒட்டும், அதனால அடிமரத்துக்கு ரொம்ப கிட்ட ஒட்டியிருக்கற எடத்துலேர்ந்து அடிமரத்துப் பக்கம் இன்னும் ஒரு அடி தள்ளி ரம்பத்தால கிளையோட அறுங்க. காய் பறிச்சதும், ஐப்பசி மழைக்கு முன்னாடி. அறுத்த வாய்ல பூஞ்சை புடிக்காம போர்டோ பசை பூசுங்க: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், ரெண்டையும் அரை அரை லிட்டர் தண்ணில பிளாஸ்டிக் பக்கெட்டுல தனித்தனியா கரைச்சு ஒண்ணா ஊத்தணும். இரும்புக் கத்திய முக்கினா செம்புக் கலர் ஏறுதா, இன்னும் சுண்ணாம்பு போடுங்க. பாத்திரம் இரும்பா இருக்கவே கூடாது.

உரக்கடையில டூ-ஃபோர்-டி அடிங்கன்னு சொல்லுவாங்க, காதுல வாங்காதீங்க. அகல இலைச் செடிய கொல்ற மருந்து அது, உங்க மாமரமும் அகல இலைதானே! அப்பா வெச்ச மரத்துக்கு ரம்பத்த விட நல்ல மருந்து நான் பாத்ததில்ல.

அந்த வியாபாரி எந்த மரத்துப் புல்லுருவின்னு கேட்டாரா? வைத்தியத்துல அதுதான் முதல் கேள்வி. அரளி மேல வளந்ததுல அரளி விஷமே ஏறியிருக்கும், எல்லாத்தையும் ஒரே சாக்குல கொட்டறவர் கையில குடுக்காதீங்க. மாமரத்துல வளந்த புல்லுருவி இலை உங்க ஆட்டுக்கு நல்ல தழை, பழம் இருக்கற கொத்த மட்டும் அன்னிக்கே குழி தோண்டி மூடிடுங்க. பக்கத்து வீட்டு மரத்துலயும் தொங்குதான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்க, அங்க இருந்தா குருவி அடுத்த வருஷமே இங்க கொண்டாந்துடும்.