அனிமேஷனுக்குத் திரைக்கதை எழுதப் படிப்பது: குமரி மாவட்டப் பிள்ளைகளின் கேள்விகளும் பதில்களும்

அனிமேஷன் தொடர்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் என் வேலை. ரிசல்ட் வரும் நேரம் என்பதால் பிள்ளைகளும் பெற்றோரும் நிறைய கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, எனக்குக் கதை எழுத வரும், படம் வரைய வராது. அனிமேஷன் படிக்க முடியுமா? (பிளஸ் டூ மாணவி, குழித்துறை)

முடியும் மக்கா. ஆனால் எந்த வாசல் வழியாகப் போகிறாய் என்பதைப் பொறுத்தது. அகமதாபாத் என்.ஐ.டி.யில் (திருச்சியில் இருப்பது வேறு, இது டிசைன் படிப்புக்கானது) அனிமேஷனுக்கு 4 வருட பி.டெஸ். (டிசைன் பட்டப்படிப்பு) உண்டு. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வில் வரையச் சொல்வார்கள். அழகான ஓவியம் வேண்டாம், நினைத்ததைக் கோட்டில் காட்டத் தெரிந்தால் போதும். அது தினமும் வரைந்தால் வந்துவிடும்.

சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கம்-திரைக்கதைக்கு ஒரு பட்டப்படிப்பு, அனிமேஷனுக்குத் தனியாக ஒன்று, இரண்டுமே உண்டு. இல்லையென்றால் இங்கேயே பிடித்த டிகிரியை முடித்துவிட்டு, கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனத்தின் முதுநிலை அனிமேஷன் சினிமாவுக்கு முயற்சி செய். ‘அனிமேஷன் ஸ்கிரிப்ட்’ என்றே பெயர் போட்ட படிப்பைத் தேடி அலையாதே. எழுத்து பெரும்பாலும் இந்தப் படிப்புகளுக்குள்ளேயே பாடமாக வரும். வரைகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்துச் சேர்.

சாதாரண சினிமா ஸ்கிரிப்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? (விஸ்காம் மாணவர், தக்கலை)

நல்ல கேள்வி தம்பி. ‘குளச்சல் துறைமுகம், ஏலம், இருநூறு பேர்’ என்று சினிமா ஸ்கிரிப்டில் எழுதினால் கேமராவை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடலாம். அனிமேஷனில் அந்த இருநூறு பேரையும் யாரோ உருவாக்க வேண்டும். ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம் திரையில் ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 12 படம் வரைய வேண்டும். உன்னுடைய ஒரு வரி இன்னொருவரின் பல வார உழைப்பு. அதனால் நான் அந்தக் காட்சியை இப்படி எழுதுவேன்: தார்ப்பாய் நிழல். மீன் கூடையைச் சுற்றி நாலு ஜோடி கால்கள். ஏலம் விடுகிறவரின் குரல் மட்டும். விலை ஏற ஏற ஒவ்வொரு ஜோடியாக நகர்ந்துவிடுகிறது. கடைசியில் ஒரு ஜோடி செருப்பில்லாத கால்தான் நிற்கிறது. செலவு குறைந்தது, காட்சியும் கூடுதல் அழுத்தமாகிவிட்டது.

அடுத்தது, மனசுக்குள் நடப்பதை எழுதக் கூடாது. ‘அவர் சோகமாக இருந்தார்’ என்றால் வரைகிறவர் என்ன செய்வார்? ‘கிழிந்த வலையை மடியில் போட்டு ஊசியில் நூல் கோர்க்கிறார். தவறுகிறது. மறுபடியும் தவறுகிறது. வலையை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து போகிறார்.’ இதை வரையலாம்.

வேலை நடக்கும் வரிசையும் வேறு. ஸ்கிரிப்ட் முடிந்ததும் ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து பார்ப்பது. பிறகு அந்தப் படங்களைக் குரலோடு சேர்த்து ஓடவிடும் அனிமேட்டிக். பெரும்பாலும் டயலாக்கை முதலில் பதிவு செய்து, அதற்கேற்ப வாயசைவை வரைவார்கள். வெட்டுவது, மாற்றுவது எல்லாம் அனிமேட்டிக்கிலேயே முடிந்துவிட வேண்டும். வரைந்து முடித்த காட்சியைத் தூக்கி எறிவது பெரிய நஷ்டம். அதனால் எழுத்தாளர் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதப் பழக வேண்டும். கல்லூரி தருகிற பெரிய பயிற்சி இதுதான் என்பேன்.

மகளை இன்ஜினியரிங் சேர்க்கலாம் என்கிறார் அவள் அப்பா. இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா? (ஒரு அம்மா, நாகர்கோவில்)

படித்து முடித்த அன்றே ‘எழுத்தாளர்’ என்று வேலை கிடைப்பது அபூர்வம் அம்மா, அதை மறைக்க விரும்பவில்லை. ஸ்டோரிபோர்டு, உதவி எழுத்தாளர், பாட வீடியோக்களுக்கான ஸ்கிரிப்ட், குழந்தைகள் தொடர்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் என்று நுழைந்து மேலே வருகிறவர்கள்தான் அதிகம். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலேயே டூன்ஸ் அனிமேஷன் நிறுவனம் 1999இலிருந்து இருக்கிறது.

தனியார் கல்லூரி என்றால் ஃபீஸ் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: ‘உங்கள் கடைசி வருடப் பிள்ளைகள் எடுத்த குறும்படத்தைக் காட்டுங்கள், கதை யார் எழுதினார்கள்?’ காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் சாஃப்ட்வேர் பெயர்களை மட்டும் அடுக்கினால் வந்துவிடுங்கள்.

எங்கள் தாத்தா வில்லுப்பாட்டுக்காரர். அது இதற்கு உதவுமா? (தோவாளை)

ரொம்பவே உதவும். எங்கே கதையை நிறுத்தி, எங்கே குடத்தின் தாளத்தை ஏற்றி, எங்கே ‘ஆமா’ போடவிடுகிறார் என்று கவனித்து எழுதி வையுங்கள். வசனத்துக்கு எங்கே இடைவெளி விட வேண்டும் என்பது அதில் புரியும். நம் மாவட்டத்துத் தோல்பாவைக் கூத்தையும் கட்டாயம் பாருங்கள். பாவையின் முகம் மாறாது. கையும் தலையும் அசைவது கொஞ்சம்தான், மீதியைக் குரல் செய்துவிடுகிறது. குறைந்த அசைவில் கதை சொல்ல அதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. தாத்தாவின் கதையை எடுத்து எழுதினால் அவரிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள், அவர் பெயரையும் போடுங்கள்.

இங்கிலீஷ் சரியா வராத அண்ணாச்சிமாரும் படிக்கலாமா? (முட்டம்)

தாராளமாக. கதையைத் தமிழிலேயே எழுதுங்கள். ஐ.ஐ.டி.களின் டிசைன் தேர்வான யூசீடில் கேள்வித்தாள் இங்கிலீஷில் இருக்கும், அதை வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பழைய கேள்வித்தாள்களை வைத்துப் பழகுங்கள்.

எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்? (மார்த்தாண்டம்)

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். பிறகு தேவைப்பட்டால் பிளெண்டர் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கும்.

இந்த லீவுக்கு என்ன செய்யட்டும் அக்கா? (பிளஸ் ஒன், குலசேகரம்)

வசனமே இல்லாமல் ஒரு நிமிடக் கதை ஒன்று எழுது. நன்றாக வரையும் ஒரு கூட்டாளியிடம் கொடுத்து, ஆறு கட்டம் போட்டு வரையச் சொல். வாயால் எதையும் விளக்காதே. எந்தக் கட்டத்தில் ‘இதுல என்ன வரையணும்?’ என்று கேட்கிறாளோ அந்த வரியைத் திருத்தி மறுபடியும் கொடு. அவள் கேட்காமல் வரைந்து முடித்ததும் அந்தத் தாள்களை பத்திரமாக வை. கல்லூரி நேர்காணலில் உன் வேலையைக் காட்டச் சொன்னால் முதல் வரைவையும் கடைசி வரைவையும் சேர்த்தே காட்டு.