பங்குப் பதிவேடும் குருதித் துளியும்

கேள்வி – பதில்

கடந்த இதழில் மனிதக் குடித்தொகைப் பிறப்புரிமையியல் (மக்கள் கூட்டங்களின் மரபணு வேறுபாட்டை ஆராயும் துறை) அறிஞர் லூயிஜி லூக்கா கவாலி-ஸ்போர்சாவைப் பற்றி ஓரிரு வரிகள் எழுதியிருந்தோம். அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய வினாக்களுக்கு இம்முறை பதில் தருகின்றோம்.

கொக்குவிலிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர்: பிறப்புரிமை நகர்வு என்று நாங்கள் பாடத்தில் படிப்பதற்கும் இந்த அறிஞருக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. 1922இல் ஜெனோவா நகரில் பிறந்த அவர், 1944இல் பாவியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் நோயாளர்களைவிடப் பற்றீரியாக்களே அவரைக் கவர்ந்தன. போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் சென்று, புள்ளிவிபரவியலின் பெரும் ஆளுமையான ரொனால்ட் பிஷரிடம் பற்றீரியாப் பிறப்புரிமையியல் ஆய்வாளராகப் பணியாற்றினார். எண்களைக் கொண்டு உயிரியலைச் சிந்திக்கும் பழக்கம் அங்கேதான் உறுதிப்பட்டது எனலாம்.

நீங்கள் கேட்கும் விடயம் 1950களில் இத்தாலியின் பார்மா பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. அவருடைய மாணவரான அந்தோனியோ மொரோனி ஒரு கத்தோலிக்கக் குரு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குக் கோயில்கள் பல நூற்றாண்டுகளாக எழுதி வைத்திருப்பதை அவர் ஆசிரியருக்கு எடுத்துக்காட்டினார். அந்த ஏடுகளிலிருந்து ஒவ்வொரு கிராமத்தின் சனத்தொகையையும், யார் யாரை மணந்தார் என்பதையும், எவ்வளவு பேர் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார்கள் என்பதையும் கணிக்க முடிந்தது. மறுபுறம், அதே கிராமத்தவர்களிடம் குருதி பெற்று ஏ.பி.ஓ., எம்.என்., ஆர்.எச். வகைகள் எந்த விகிதத்தில் உள்ளன என்றும் பார்த்தார்கள்.

பிறப்புரிமை நகர்வு என்பது தற்செயலின் விளைவு. இரண்டு நிறத்து விதைகள் கலந்த சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் அள்ளி அடுத்த போகத்துக்கு விதைத்தால், நிறங்களின் விகிதம் பழையபடி இராது. கைப்பிடி சிறிதாகச் சிறிதாக வேறுபாடு கூடும். கோட்பாட்டளவில் இதனை சுவல் ரைற் முதலானோர் முன்னரே கூறியிருந்தனர். மனிதர்களிடத்தில் இது உண்மையில் எவ்வளவு வலுவாக நிகழ்கிறது என்பதுதான் அறியப்படாமல் இருந்தது. சில நூறு பேரே வாழ்ந்த மலைக் கிராமங்களுக்கிடையில் குருதி வகைகளின் விகிதம் பெரிதும் வேறுபட்டதையும், குன்றுப் பகுதியில் அந்த வேறுபாடு குறைந்து, சனநெருக்கம் மிகுந்த சமவெளியில் மிகச் சிறிதானதையும் அவர் காட்டினார். அது மட்டுமன்று, வேறுபாட்டின் அளவும் பதிவேடுகளைக் கொண்டு முன்கூட்டிக் கணித்ததற்குப் பொருந்தி வந்தது. அவருடைய எல்லாப் பணிகளிலும் காலத்தால் அசையாதது இதுவே என்பது எமது கருத்து.

இதற்குப் பின்னர் அன்தனி எட்வேர்ட்ஸ் என்ற பிஷரின் மாணவரோடு சேர்ந்து, 15 குடித்தொகைகளின் குருதி வகைத் தரவுகளைக் கணினியில் இட்டு, மனிதக் குழுக்களின் கிளைப்பு மரத்தை 1960களின் முற்பகுதியில் வரைந்தார். இன்று உயிரியலில் கூர்ப்பு மரம் வரையும் கணித முறைகள் பலவற்றுக்கு அந்த வேலை முன்னோடி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2018இல், 96ஆவது வயதில் இத்தாலியிலேயே காலமானார்.

மானிப்பாய் வாசகர்: அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததா?

இல்லை. மனிதத் தோற்றம் பற்றிய ஆய்வுகளுக்காக 1999இல் பல்சான் பரிசு பெற்றார்.

சாவகச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்: அவர் வரைந்த மரபணு வரைபடங்கள் இன்றும் ஏற்கப்படுகின்றனவா? திராவிட மொழி பேசுவோர் ஈரானிலிருந்து வேளாண்மையோடு வந்தார்கள் என்பது நிறுவப்பட்டதா?

மெனோற்சி, பியாற்சா ஆகியோருடன் 1978இல் ஐரோப்பாவுக்கும், 1994இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய பெருநூலில் உலகம் முழுவதற்கும், மரபணு வகைகளின் விகிதம் இடத்துக்கு இடம் மாறுவதைக் காட்டும் வரைபடங்களை அவர் வெளியிட்டார். தென்மேற்கு ஆசியாவிலிருந்து ஐரோப்பாவின் வடமேற்கை நோக்கிப் படிப்படியாக மாறும் ஒரு போக்கு அவற்றில் தெரிந்தது. தொல்லியலாளர் அமர்மனுடன் சேர்ந்து, வேளாண்மை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கிலோமீற்றர் வேகத்தில் பரவியது என்றும், பரவியது வெறும் அறிவு அன்று, விவசாயிகளே தலைமுறை தலைமுறையாக நகர்ந்தார்கள் என்றும் வாதிட்டார்.

வரைபடங்களை இன்று அப்படியே கொள்ள முடியாது. அருகருகே வாழ்வோர் ஒத்திருப்பதாலேயே, பெருங்குடிப்பெயர்வு எதுவும் நிகழாதபோதும் இத்தகைய அலைவடிவங்கள் கணிதரீதியாகத் தோன்றக்கூடும் என்று ஜோன் நொவம்பர், மத்தியூ ஸ்ரீபன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008இல் காட்டினர். ஆனால் புதையுண்ட எலும்புகளின் டி.என்.ஏ. வாசிக்கப்பட்டபோது, இன்றைய துருக்கிப் பகுதியான அனற்றோலியாவிலிருந்து விவசாயிகள் ஐரோப்பாவுக்கு வந்தது மெய்ப்பட்டது. அவர் வரைபடத்தால் சரியாகப் பிரித்தறிய முடியாத பிற்காலத்துக் குடிப்பெயர்வின், அதாவது கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளியிலிருந்து மக்கள் வந்ததன், பருமன் 2015இல் தெளிவாயிற்று. வழி பிழைத்தாலும் சென்றடைந்த இடம் பெரும்பாலும் சரி என்பது அறிவியலில் அபூர்வமன்று.

திராவிடம் பற்றிய கருதுகோள் அவ்வளவு நற்பேறு பெறவில்லை. சிந்துவெளி நாகரிகக் காலத்து ராக்கிகரியில் கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. 2019இல் வெளியானபோது, அவருடைய ஈரான் சார்ந்த மரபுக்கூறு, அங்கே வேளாண்மை தோன்றுவதற்கு முன்னரே பிரிந்துவிட்ட ஒரு கிளை என்று தெரியவந்தது. ஆகவே ஈரானிய விவசாயிகள் மொழியோடு கிழக்கே வந்தார்கள் என்று உறுதியாகக் கூற இடமில்லை. எலும்பு மொழியைச் சொல்வதில்லை என்பதையும் இவ்விடத்தில் மறக்கலாகாது.

நல்லூர் வாசகி: ரொறன்ரோவில் இருக்கும் மகள் உமிழ்நீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கித் தந்தார். அதன் முடிவை எமது பூர்வீகத்துக்குச் சான்றாகக் கொள்ளலாமா?

நெருங்கிய உறவினரைக் கண்டறிய அது உதவும். பூர்வீகத்துக்கு வரையறையோடு மட்டுமே உதவும். நிறுவனம் தன்னிடமுள்ள மாதிரிகளோடு உங்கள் டி.என்.ஏ.யை ஒப்பிட்டே வீதங்களைத் தருகிறது. மாதிரித் தொகுப்பு மாறினால் வீதமும் மாறும்.

அந்த ஒப்பீட்டு மாதிரிகளின் கதையிலும் கவாலி-ஸ்போர்சாவுக்குப் பங்குண்டு. உலக மக்களின் மரபணு வேறுபாட்டைச் சேகரிக்கும் திட்டமொன்றை 1991இல் அவரும் சக ஆய்வாளர்களும் முன்மொழிந்தபோது, பழங்குடி அமைப்புகள் அதனைக் குருதி உறிஞ்சும் திட்டம் என்று கண்டித்தன. ஒப்புதலை யார் தருவது, பயனை யார் பெறுவது என்ற அவர்களின் வினாக்கள் நியாயமானவை. திட்டத்தினர் அவற்றை முதலிலேயே எண்ணியிருக்க வேண்டும். சுருங்கிய வடிவில் 2002இல் பாரிஸ் நகரில் அமைந்த தொகுப்பில் 52 குடித்தொகைகள் இடம்பெற்றன. தென்னாசியாவிலிருந்து பாகிஸ்தானிய மக்கள் மட்டுமே அதில் உண்டு. இந்தியரோ இலங்கையரோ இல்லை. பின்னர் ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் என்ற பன்னாட்டு ஆய்வில் இலங்கைத் தமிழர் 102 பேர் சேர்க்கப்பட்டனர்; அவர்களிடமிருந்து மாதிரி பெறப்பட்டதோ பிரித்தானியாவில். கடல் கடந்து குடியேறியோர் வடமராட்சியையும் மட்டக்களப்பையும் மலையகத்தையும் சமமாகப் பிரதிநிதித்துவப்படுத்துவர் என்று கொள்ள முடியாது.

பாரிஸ் தொகுப்பைக் கொண்டு 2002இல் செய்யப்பட்ட ஆய்வின்படி, மனிதரின் மரபணு வேறுபாட்டில் 93 முதல் 95 சதவீதம் ஒரே குடித்தொகைக்குள் இருக்கும் தனியாள்களுக்கிடையிலானது. 1970களில் வில்லியம் ஷொக்லி என்ற நோபல் பரிசாளர் இனத்தையும் அறிவாற்றலையும் முடிச்சிட்டபோது, கவாலி-ஸ்போர்சா பொதுமேடையில் அவரை எதிர்கொண்டு வாதிட்டார். தூய குருதி என்ற பேச்சுக்கு அவருடைய தரவில் எந்த ஆதாரமும் இல்லை. எமது ஊரிலும் அது பொருந்தும்.

வட்டுக்கோட்டை வாசகர்: மச்சான் மச்சாள் முறைத் திருமணம் பற்றி அவர் ஏதும் கூறியுள்ளாரா?

இத்தாலியில் உறவுக்குள் மணப்போர் திருச்சபையிடம் விலக்கு அனுமதி பெறவேண்டியிருந்தது. வத்திக்கானில் சேர்ந்திருந்த அந்த அனுமதிகளைக் கொண்டு, உறவுமுறைத் திருமணங்களின் தன்மையை அவரும் மொரோனியும் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். உடன்பிறந்தாரின் பிள்ளைகள் மணந்தால், அவர்களின் குழந்தையில் ஒரு குறித்த மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருப்பதற்கான நிகழ்தகவு பதினாறில் ஒன்று. பின்னிடைவான, அதாவது இரு பிரதிகளும் சேர்ந்தால் மட்டுமே நோய் தரும், காரணி ஒன்று குடும்பத்தில் மறைந்திருந்தால் அது வெளிப்பட இவ்வாறு வழி பிறக்கிறது.

ஆனால் நேரடி உறவு இல்லாவிட்டாலும், ஒரு சிறு சமூகம் நூற்றாண்டுக் கணக்கில் தனக்குள்ளேயே மணந்துவந்தால் பார்மா மலைக் கிராமங்களில் நிகழ்ந்ததே நிகழும்; அரிதான நோய்க் காரணி ஒன்றும் தற்செயலாகப் பலரிடம் பெருகிவிடலாம். தென்னாசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த கட்டுரை, அவற்றுள் 81 குழுக்களில் இந்த விளைவு பின்லாந்தினரிலும் அஷ்கனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த) யூதரிலும் காணப்படுவதைவிட வலுவானது என்று கண்டது. எனவே சாதகப் பொருத்தம் பார்க்கும் பெற்றோர், இரு குடும்பங்களிலும் சிறுவயது மரணமோ, பிறவிச் செவிட்டுத்தன்மையோ, தலசீமியா போன்ற குருதி நோயோ இருந்ததா என்றும் விசாரித்து, இருந்தால் திருமணத்துக்கு முன்னரே மருத்துவரிடம் பிறப்புரிமை ஆலோசனை பெறுவது நல்லது.