வால்வு ஆம்ப்ளிஃபையரில் உறுமல்: வால்வை மாற்றினால் தீருமா?

கேள்வி: கிட் வாங்கி நானே பற்றவைத்து ஒரு வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் செய்திருக்கிறேன். சேனலுக்கு ஒன்றாக இரண்டு 12ஏயூ7 வகை வால்வுகள் (சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள்). பாட்டு அருமையாகக் கேட்கிறது, ஆனால் பாட்டு நின்றதும் ஓர் உறுமல். பல ஆண்டுகளுக்கு முன் தயாராகி விற்காமல் கிடந்த பழைய ஸ்டாக் வால்வுகள் விலை அதிகமானாலும் அவற்றைப் போட்டால் சத்தம் போய்விடும் என்கிறார்கள். வாங்கலாமா? எர்த் ஒயரைக் கழற்றினாலே போதும் என்கிறார் ஒரு நண்பர்.

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். எர்த் ஒயரை ஒருபோதும் கழற்றாதீர்கள். பல வால்வு ஆம்ப்ளிஃபையர்களில் நூறு வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. உள்ளே மின்சார ஒயர் ஒன்று கழன்று உலோகப் பெட்டியில் பட்டால், ஃபியூஸ் போய் உங்கள் உயிர் தப்புவது அந்த எர்த்தால்தான். சத்தம் குறைகிறது என்பதற்காக இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

முதலில் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். உறுமலும் கூடவே குறைந்தால், அது பாட்டு வரும் வழியாக உள்ளே வருகிறது. லேப்டாப்பில் கேட்கிறீர்கள் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் அது எர்த் லூப் (இரண்டு கருவிகளும் தனித்தனி வழியில் எர்த்தில் சேர்வதால் வரும் உறுமல்), ஆம்ப்ளிஃபையரில் குறையில்லை. வால்யூமைக் குறைத்தும் உறுமல் அப்படியே இருந்தால், காரணம் ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கிறது.

அடுத்து வால்வு. ஸ்விட்சை அணைத்து, ஆறவிட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இடது காதில் இருந்த சத்தம் வலது காதுக்குப் போனால் வால்வுதான் காரணம். போகாவிட்டால் வால்வு மேல் பழியில்லை. இரண்டு காதிலும் ஒரே அளவு உறுமல் என்றால், இரண்டு வால்வும் ஒரே மாதிரி கெடுவது அபூர்வம். பவர் சப்ளையையும், வால்வைச் சூடாக்கும் இழைக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஹீட்டர் ஒயரையும் பாருங்கள். வால்வைப் பென்சிலால் தட்டும்போது ஹெட்ஃபோனில் 'டங்' என்று ஒலித்தால் அது மைக்ரோஃபோனிக் வால்வு, அதாவது அதிர்வைச் சத்தமாக மாற்றும் வால்வு. அந்தக் குணம் விலை உயர்ந்த பழைய ஸ்டாக்கிலும் வரும்.

உறுமலின் தன்மையையும் கவனியுங்கள். மழமழவென்ற தாழ்ந்த 'ம்ம்ம்' என்றால் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் நேரடியாகப் புகுகிறது. பெரும்பாலும் ஹீட்டர் ஒயர்தான் காரணம். இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் அருகில் இருப்பது. சற்று முரட்டு 'ஸ்ர்ர்' என்றால் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையில் டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள்.

கிட் செய்பவர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது ஹீட்டர் ஒயரைத்தான். ஏசி ஓடும் ஹீட்டர் என்றால் இரண்டு ஒயரையும் நெருக்கமாக முறுக்குங்கள், பெட்டியின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள், பாட்டு ஒயரைக் குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வையுங்கள். ஹீட்டருக்கான டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குச் சென்டர் டேப் (நடுவிலிருந்து எடுக்கும் இணைப்பு) இல்லை, வேறெங்கும் எர்த்தில் சேர்க்கவும் இல்லை என்றால், இரு முனையிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றொன்றாக எர்த்துக்குப் போடுங்கள். வேண்டிய பொருள் இரண்டே ரெசிஸ்டர், பலன் பெரிது.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் நிற்கும். மல்டிமீட்டரில் அளந்து, ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டே கை வையுங்கள். சோதனையின்போது விலை உயர்ந்த ஹெட்ஃபோனைச் சொருக வேண்டாம். கோளாறான கெபாசிட்டர் டிசியை வெளியே விட்டால் அது கருகிவிடும்.

கெபாசிட்டர் வாங்க வேண்டியிருந்தால் வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது, துருவமும் மாறக் கூடாது. வால்வுதான் கெட்டது என்று தெரிந்தால், இன்று தயாராகும் சாதாரண வால்வே போதும். உறுமல், மைக்ரோஃபோனிக் குணம் இரண்டுக்கும் சோதித்ததா, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் சரியான பிறகும் மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் கேட்டால், எந்த ஹெட்ஃபோன் என்று பாருங்கள். காதுக்குள் செருகும் 16 ஓம், 32 ஓம் வகைகள் பெரும்பாலும் உணர்திறன் அதிகமானவை. ஆம்ப்ளிஃபையரின் இயல்பான இரைச்சலையும் கேட்கவைக்கும். அதே ஆம்ப்ளிஃபையரில் 300 ஓம் ஹெட்ஃபோனை மாட்டினால் அமைதியாக இருக்கலாம். அப்படியிருந்தால் சர்க்யூட்டில் மேலும் கை வைக்கத் தேவையில்லை.