அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? – சாவி உங்க கையில இருக்கட்டும்

இந்த மாசம் வந்த கடிதாசிய எல்லாம் பிரிச்சுப் பாத்தா நெறைய பேரு ஒரே விஷயத்ததான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. பதவி வந்திருக்கு, இல்லன்னா வரப்போகுது, ஆனா உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம். அதுல நாலு கடிதாசிய மட்டும் இங்க எடுத்திருக்கேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு. கங்கைகொண்டான் சிப்காட்ல ஒரு கம்பெனில எட்டு வருஷமா லைன்ல நின்னேன், மூணு மாசத்துக்கு முன்னாடி ஷிஃப்ட் சூப்பர்வைசரா போட்டாங்க. எனக்குக் கீழ 22 பேரு, அதுல அஞ்சு பேரு எங்க அப்பா வயசு அண்ணாச்சிமாரு. ஒரு வேலை சொன்னா "பாப்பா சொல்லுது, செஞ்சிருவோம்"னு சிரிச்சிட்டு அப்படியே நிக்காங்க. கடைசில நானே போய் அந்த வேலையச் செஞ்சிருதேன், ஷிஃப்ட் முடிஞ்ச பொறவு ரிப்போர்ட் எழுதிட்டு ரெண்டு மணி நேரம் லேட்டா வீட்டுக்குப் போறேன். எங்க அம்மா பீடி சுத்திதான் என்னய டிப்ளமோ படிக்க வச்சா. பழையபடி லைனுக்கே போயிரலாமானு இருக்கு. எனக்கு தைரியம் பத்தலையோக்கா? – பேர் வேண்டாம், தச்சநல்லூர்

பதில்: தங்கச்சி, லைனுக்குத் திரும்புறத இப்போ யோசிக்கவே யோசிக்காதீங்க, மூணு மாசம்லாம் ஒரு கணக்கே இல்ல. என் கதைய ஒண்ணு சொல்லுதேன், அதுல உங்களுக்கு வேண்டியது இருக்கும்னு நெனைக்கேன்.

1994ல நான் ஒரு பேங்க்ல கிளார்க்கா இருந்து ஆபீசரா ப்ரமோஷன் வாங்கி அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பிராஞ்சுக்குப் போனேன். பேங்க் சேஃப்க்கு ரெண்டு சாவி உண்டு, ஒண்ணு ஹெட் கேஷியர்ட்ட, இன்னொண்ணு ஆபீசர்ட்ட, ரெண்டு பேரும் சேந்து நின்னு தொறக்கணும், சேந்து பூட்டணும், அதுதான் ரூல். எங்க கேஷியர் அண்ணாச்சி 50 வயசு தாண்டுனவரு, தங்கமான மனுஷன். மொத நாளே "சாவியக் குடுங்கம்மா, நீங்க எதுக்கு மெனக்கெட்டு எந்திரிச்சு வரணும், நான் தொறந்துக்கிடுதேன்"னு சொன்னாரு. எனக்கும் அது மரியாதையா தெரிஞ்சுது, குடுத்துட்டேன். சாயங்காலம் அவரு எண்ணி வச்சத நான் எண்ணாமலே புக்குல கையெழுத்துப் போட்டேன். ஒரு மாசம் இப்படியே ஓடிச்சு. ஒருநாள் 100 ரூவா கட்டு ஒண்ணுல பத்து நோட்டு கொறையுது. யாரும் எடுக்கல, எண்ணுனதுல எங்கயோ தப்பு. ஆனா பொறுப்பு ரெண்டு பேரு தலையிலயும்தான, ஆளுக்கு 500 ரூவா கையில இருந்து போட்டோம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல, பணம் போனதுக்காக இல்ல, பாக்காத ஒண்ணுக்கு ஒரு மாசமா கையெழுத்து போட்டிருக்கோமேன்னு.

மறுநாள் காலையில அவரு கைய நீட்டுனதும் "நானும் வாரேன் அண்ணாச்சி"ன்னு எந்திரிச்சேன். அவருக்கு மொகம் மாறிட்டு. "என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?"ன்னாரு. "உங்க மேல நம்பிக்கை இருக்கு அண்ணாச்சி, ஆனா கையெழுத்து என்னுதுல்லா"ன்னேன். நாலு நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல, டீக்குக் கூட கூப்பிடல. அஞ்சாவது நாள் அவரே சாவியோட என் சீட்டு பக்கத்துல வந்து நின்னு "மேடம், போலாமா?"ன்னாரு. அதுக்குப் பொறவு ஆறு மாசம் ஸ்பாஞ்சுல விரல நனைச்சு நனைச்சு தினமும் எண்ணுனேன் பாருங்க, கடைசில ஒரு கட்டுல ரெண்டு நோட்டு கொறைஞ்சாலே கையில எடுத்ததும் சந்தேகம் தட்டும். என் தைரியம் அங்கனதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னால நின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டது ஒண்ணும் கூட வரல.

இப்ப உங்க விஷயத்துக்கு வாரேன். அவங்க செய்யாத வேலைய நீங்க செய்யறத இன்னைக்கே நிறுத்துங்க. நான் சாவியக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன், நீங்க அவங்க வேலையத் தூக்கிச் சுமக்கிய, ரெண்டும் ஒரே தப்புதான். டார்கெட் ஒருநாள் கொறைஞ்சா கொறையட்டும், எந்த ஸ்டேஷன்ல எத்தன மணிக்கு எவ்வளவு நின்னுச்சு, யாருக்கு என்ன சொன்னீங்கன்னு ஷிஃப்ட் ரிஜிஸ்டர்ல அப்பவே எழுதுங்க, வீட்டுக்குப் போற நேரத்துல இல்ல. கோள் சொல்லுத மாதிரி இருக்குமேன்னு சங்கடப்படாதீங்க, அது உங்க வேலையோட ஒரு பகுதி.

பொறவு, நீங்க பேசுற விதம். கடிதாசில இல்லாட்டியும் எனக்குத் தெரியும், "அண்ணாச்சி, கொஞ்சம் இதச் செய்ய முடியுமா, கஷ்டமா இருந்தா பரவால்ல"ன்னுதான் கேட்டிருப்பீங்க. நாமெல்லாம் அப்படித்தான் வளந்தோம். ஆனா நம்ம தமிழ்ல ஒரு வசதி இருக்கு, மரியாதை வினையிலயே உக்காந்திருக்கு. "நாலு மணிக்குள்ள இத முடிச்சிருங்க அண்ணாச்சி"ன்னு சொன்னா மரியாதையும் கொறையல, சொன்னது உத்தரவுங்கிறதுலயும் சந்தேகம் இல்ல. கொரல ஒசத்த வேண்டாம், கூட சிரிக்கவும் வேண்டாம், சொல்லிட்டு அந்த இடத்த விட்டு நகந்துருங்க. அந்த அஞ்சு பேருல மெஷின் நல்லா தெரிஞ்ச ஒருத்தரு கண்டிப்பா இருப்பாரு, அவர்ட்ட எல்லாரு முன்னாடியும் சந்தேகம் கேளுங்க, கத்துக்கோங்க, அதுல கௌரவம் கொறையாது. ஆனா அன்னைக்கு எந்த வேலை மொதல்லங்கிறத நீங்கதான் சொல்லணும். "பாப்பா"வ மட்டும் தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க, "வெளிய பாப்பான்னே கூப்பிடுங்க அண்ணாச்சி, லைன்ல பேரச் சொல்லுங்க"ன்னு. பெரும்பாலும் கேட்டுக்கிடுவாங்க, அவங்க வீட்டுலயும் வேலைக்குப் போற பிள்ளைங்க இருக்கும்.

இன்னொண்ணு, இது எனக்கு ஆத்தாமையா வருது. உங்க மேனேஜர் உங்களப் போட்ட அன்னைக்கு அந்த 22 பேரையும் நிக்க வச்சு "இனிமே இவங்க சொல்றதுதான்"னு சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டாரு. பதவியக் குடுத்துட்டு அறிவிக்காம விட்டுட்டு, பொறவு பொம்பளைக்கு தைரியம் பத்தலங்கிறது எந்த ஊரு நியாயம்? போய்க் கேளுங்க, ரெண்டு நிமிஷ வேலை. யாராவது உங்களத் தாண்டி அவர்ட்ட போனா "சூப்பர்வைசர்ட்ட கேட்டியளா?"ன்னு திருப்பி அனுப்பணும்னும் சொல்லுங்க.

உங்க அம்மா சுத்திக் கொண்டு போன பீடிய பீடிக் கடைக்காரரு சரியில்லன்னு அநியாயமா கழிச்சுப் போட்டா அம்மா சும்மா வந்திருப்பாங்களா? எதுக்குக் கழிச்சியன்னு நின்னு கேட்டிருப்பாங்க. அத நீங்க சின்ன வயசுல பக்கத்துல நின்னு பாத்திருப்பீங்க. வீட்டுக்குப் போனதும் அம்மாட்ட அந்தக் கதையக் கேளுங்க.

கேள்வி: வீட்டுல இருந்தே ஐ.டி. வேலை பாக்கேன். டீம் மீட்டிங்ல நான் ஒரு ஐடியா சொன்னா சத்தமே இருக்காது, பத்து நிமிஷம் கழிச்சு அதையே ஒரு பையன் சொன்னா எல்லாரும் சூப்பருங்காங்க. சண்டை போடவும் முடியல, சும்மா இருக்கவும் முடியல. – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இது உங்க பிரமை இல்லம்மா. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜா இருக்க பெண்களையே ஆம்பளை ஜட்ஜுகளும் வக்கீலுகளும் எத்தன தடவ இடைமறிச்சுப் பேசுதாங்கன்னு 2017ல எண்ணிக் காமிச்சிருக்காங்க, அந்த நாற்காலியிலயே அப்படின்னா நம்ம நெலமை கேக்கவா வேணும். ஒபாமா ஆட்சில வெள்ளை மாளிகைல வேலை பாத்த பெண்கள் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, ஒருத்தி ஒண்ணு சொன்னா இன்னொருத்தி உடனே அவ பேரச் சொல்லி அதையே திரும்பச் சொல்லுவா, அப்புறம் அந்த யோசனைய வேற யாரும் தன்னுதுன்னு சொல்ல முடியாது. உங்க டீம்ல இன்னொரு பிள்ளை இருந்தா இன்னைக்கே பேசி வச்சுக்கோங்க, மொதல்ல நீங்க அவளுக்குச் செய்ங்க. மீட்டிங்குக்கு முந்தி ஐடியாவ ரெண்டு வரில மெயில் போட்டிருங்க, தேதி நேரத்தோட கெடக்கும்.

கேள்வி: வணக்கம் அக்கா. கவர்மென்ட் ஸ்கூல்ல 19 வருஷமா கணக்கு டீச்சர். இப்ப ஹைஸ்கூல் ஹெச்.எம். பதவி உயர்வு லிஸ்ட்ல என் பேரு வந்திருக்கு. எங்க வீடு சேரன்மாதேவி, கெடைக்கிற இடம் ராதாபுரம் பக்கமா இருக்கலாம்னு சொல்லுதாங்க. அத்தைக்கு உடம்பு சரியில்ல, வீட்டுக்காரரு "நமக்கெதுக்கு இந்தத் தலைவலி"ங்காரு. எனக்கும் கணக்கு சொல்லிக் குடுக்கத்தான் தெரியும், ஒரு ஸ்கூலையே நடத்துற தகுதி இருக்கான்னு சந்தேகம். வேண்டாம்னு எழுதிக் குடுத்துரவா? – ஒரு ஆசிரியை

பதில்: டீச்சர், நீங்க ரெண்டு கணக்க ஒண்ணாப் போட்டுக் கொழப்பிட்டீங்க. தூரம் ஒரு கணக்கு, தகுதி வேற கணக்கு. தனித்தனியா போடுங்க.

தகுதியப் பத்தி மொதல்ல. 1978லயே பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ்னு அமெரிக்காவுல ரெண்டு மனநல அறிஞர்கள் நல்லா சாதிச்ச பெண்கள்ட்ட பேசி ஒண்ண எழுதி வச்சாங்க: இவங்க எவ்வளவு ஜெயிச்சாலும் "நாம ஏதோ வேஷம் போட்டு ஏமாத்துறோம், ஒருநாள் சாயம் வெளுத்துரும்"னு உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டே இருக்காங்கன்னு. இம்போஸ்டர் சிண்ட்ரோம்னு இப்ப சொல்லுதாங்களே, அதுக்கு ஆரம்பம் இதுதான். இத ஏன் சொல்லுதேன்னா, உங்க சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்த நோவு இல்ல. ஆனா "நானும் அந்த கேஸ்தான்"னு அதோட விட்டுரக் கூடாது. எதுக்கு பயம்னு ஒரு தாள்ல எழுதுங்க. சம்பள பில்லா? பிள்ளைங்க விவரத்த கம்ப்யூட்டர்ல ஏத்துற ஈ.எம்.ஐ.எஸ். வேலையா? ஆடிட்டா? பள்ளி மேலாண்மைக் குழு கூட்டமா? எழுதுனா அஞ்சாறு வேலைதான் வரும், எல்லாமே கத்துக்கிடக் கூடியது. இப்ப இருக்க ஹெச்.எம்.ட்ட போய் "ஒரு மாசம் உங்க கூட உக்காந்து பாக்கேன்"னு கேளுங்க. மேலாண்மைக் குழுவுல பாதிப் பேரு பெண்களா இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, அந்த அம்மாமாரு உங்களுக்குத்தான் பலம், அவங்க பிள்ளைக்குக் கணக்குப் போட்டுக் குடுக்கிற டீச்சர கைவிட மாட்டாங்க.

நம்ம செங்கோட்டை நிகர் ஷாஜிய நெனைச்சுப் பாருங்க. சூரியன ஆராயப் போன ஆதித்யா எல்1 விண்கலம் கிளம்புனது 2023 செப்டம்பர் 2ல, அன்னைக்குத்தான் ஊரே அவங்க பேரக் கேட்டுச்சு. ஆனா திருநெல்வேலி கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சிட்டு இஸ்ரோவுல சேந்தது 1987ல. நடுவுல 36 வருஷம். சூரியன நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் அனுப்புற திட்டத்தோட இயக்குநர் நாற்காலி ஒரே நாள்ல வந்துரல, சின்னப் பொறுப்பு பெரிய பொறுப்புன்னு ஒவ்வொண்ணா ஏறித்தான வந்திருக்கணும். உங்களுக்கும் 19 வருஷம் இருக்கு டீச்சர், அதுல எத்தன தடவ ஹெச்.எம். லீவுல ஸ்கூலப் பாத்துக்கிட்டீங்க, எத்தன பப்ளிக் எக்ஸாம் நடத்தி முடிச்சீங்க, அத ஏன் கணக்குல சேக்க மாட்டேங்கிறீங்க?

இப்ப தூரம். இது நெசமான கஷ்டம், நான் லேசா சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் வேலை பாக்குற டீச்சர் யாரோடயாவது வள்ளியூர்ல ரூம் எடுத்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர்ற மாதிரி முடியுமா, காலையில எந்த பஸ், அத்தைக்கு மாத்திரை யாரு குடுப்பா, எல்லாத்தையும் பேசுங்க. அத்தை உங்க வீட்டுக்காரரோட அம்மா இல்லையா, மாத்திரை எடுத்துக் குடுக்க அவருக்கும் ரெண்டு கை இருக்கு. ஒரு வாரம் அவரே எல்லாத்தையும் பாத்துப் பழகட்டும், பொறவு முடிவெடுங்க. எழுதிக் குடுத்தா சீனியாரிட்டிக்கு என்னாகும், திரும்ப எப்ப கூப்பிடுவாங்கன்னு ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்காம கையெழுத்து போடவே போடாதீங்க. எல்லாம் பாத்த பொறவும் தூரம்தான் தடைன்னா வேண்டாம்னு எழுதுங்க, அதுல ஒரு கொறையும் இல்ல. "எனக்குத் தகுதி இல்ல"ன்னு மட்டும் எழுத வேண்டாம்.

கேள்வி: நான் களக்காடு பக்கம் ஒரு ஊராட்சித் தலைவி. ஆபீஸ்ல என் சேர்ல எங்க வீட்டுக்காரரு உக்காருதாரு, கிளார்க்கும் அவர்ட்டதான் எல்லாம் கேக்காரு, ஊர்ல அவரத்தான் தலைவருங்காங்க. எனக்கு கையெழுத்து மட்டும்தான். நல்ல மனுஷன்தான், என்னய அடிச்சதில்ல, ஏசுனதில்ல. ஆனா ஜெயிச்சது நான்தானக்கா? – பேர் போடாதீங்க

பதில்: நீங்கதான், தாயி. தமிழ்நாட்டுல உள்ளாட்சில பாதி இடம் பெண்களுக்குன்னு 2016ல சட்டம் வந்துச்சு, அது உங்க பேருக்கு வந்த இடம், உங்க வீட்டுக்கு வந்த இடம் இல்ல.

என் சாவிக் கதைய மேல படிச்சிருப்பீங்க, உங்க கையெழுத்தும் அப்படித்தான். ஊராட்சி செக்குல தலைவரும் துணைத் தலைவரும் சேந்து போடணும், நாளைக்கு ஆடிட்ல ஒரு மோட்டார் பில்லுக்கு கேள்வி வந்தா நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும், சேர்ல உக்காந்தவருக்கு வராது. இதையே வீட்டுல அவர்ட்ட சொல்லுங்க, சாப்பிட்டு முடிச்சு அவரு நல்லா இருக்க நேரமா பாத்து. "நான் படிக்காம இனி ஒண்ணுலயும் கையெழுத்து போட மாட்டேன், எனக்குப் புரியலன்னா சொல்லிக் குடுங்க"ன்னு கேளுங்க. நல்ல மனுஷன்னு நீங்களே சொல்லுதீங்க, சொல்லிக் குடுப்பாரு. கம்ப்யூட்டர்ல சொருகி உங்க பேருல கையெழுத்துப் போடுற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவரு சட்டைப் பையில கெடந்தா வாங்கி உங்க பீரோவுல வைங்க. வாரத்துல ரெண்டு நாள் காலையில பத்து மணிக்கு ஆபீஸ் போய் அந்த சேர்ல உக்காருங்க, மொத வாரம் தனியா போகக் கூச்சமா இருந்தா பெண் வார்டு மெம்பர் ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்கட்ட "தண்ணி, லைட்டு, எதுன்னாலும் அங்க வாங்க, நான் இருப்பேன்"னு சொல்லி வைங்க. அவங்க ஒருதடவ நேரா உங்கட்ட வந்துட்டா கிளார்க்கும் உங்க பக்கம் திரும்பிருவாரு.

கிராம சபை வருஷத்துல ஆறு தடவ நடக்கு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வர்றதுல தீர்மானத்த நீங்களே வாசிங்க. தீர்மான நோட்ட முந்துன நாளே வீட்டுக்குக் கொண்டு வந்து, ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்ச பொறவு அடுக்களையில நின்னு ரெண்டு தடவ சத்தமா வாசிச்சுப் பாருங்க, தொகை எழுதியிருக்க எடத்துல மட்டும் பென்சில்ல கோடு போட்டு வைங்க, அங்கனதான் நாக்கு தடுக்கும். வாசிச்சிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்க.