ஏழு மோதிரங்கள் – ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவார்டர்பேக்குகளில் தலைசிறந்தவர் பால்டிமோர் கோல்ட்ஸின் ஜானி யுனைடஸ்தான் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, காரணம் எதையும் கூறாமல் கடந்து போயிருந்தீர்கள். நான் பல ஆண்டுகளாகப் பாஸ்டன் அருகில் வசிப்பவன். என் சார்பு எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் நியூ இங்கிலாந்து அணியில் புகழ்பெற்ற டாம் பிரேடி, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை 7 முறை வென்றவர். அந்த எண்ணிக்கையை எந்த ஓர் அணியும்கூட இன்றுவரை எட்டவில்லை. 23 பருவங்கள், எறிந்து சேர்த்த 89,214 யார்டு, எதிரணியின் கோல்கோட்டைக் கடந்து புள்ளி தந்த 649 டச்டவுன் பாஸ்கள் என்று அவர் வைத்துவிட்டுப் போன சாதனைகளை யார் தொடப்போகிறார்கள்? யுனைடஸோ 290 டச்டவுன் பாஸ்களுக்கு 253 பாஸ்களை எதிரணியின் கையில் கொடுத்தவர். இதற்குப் பிறகும் விவாதிக்க என்ன இருக்கிறது? பழையது என்பதாலேயே அதை உயர்த்திப் பிடிக்கிறீர்களோ என்று ஐயப்படுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், மாசசூசெட்ஸ்

*

அன்புள்ள நண்பருக்கு,

காரணம் சொல்லாமல் கடந்து போனது என் பிழைதான். நீங்கள் எழுதிய எண்கள் எல்லாம் சரியானவை. அவற்றில் ஒன்றையும் நான் மறுக்கப்போவதில்லை. அந்த எண்கள் எதை அளக்கின்றன என்பதில்தான் நமக்குள் வேறுபாடு.

சூப்பர் பவுல் வென்ற அணியினருக்குத் தரப்படும் மோதிரங்களிலிருந்து தொடங்குகிறேன். பிரேடி தன் முதல் சூப்பர் பவுலை 2002 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக வென்றார். அன்று அவர் எறிந்து சேர்த்தது 145 யார்டு. 20-17 என்ற வெற்றியைத் தந்தது கடைசி நொடியில் ஆடம் வினட்டியரி 48 யார்டிலிருந்து கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று புள்ளி எடுத்த ஃபீல்டு கோல். 2018 பிப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு எதிராக அதே பிரேடி 505 யார்டு எறிந்தார், மூன்று டச்டவுன் பாஸ்கள் கொடுத்தார், ஒரு பாஸைக்கூட எதிரணி பறிக்கவில்லை. ஆட்டம் 41-33 என்று தோல்வியில் முடிந்தது. மோதிரத்தை அளவுகோலாகக் கொண்டால் முதல் ஆட்டம் அவருடைய பெருமைக்குச் சான்றாகும், இரண்டாவது கணக்கிலேயே வராது. நீங்கள் இரண்டையும் பார்த்திருப்பீர்கள். எதில் அவர் சிறப்பாக ஆடினார் என்று உங்களிடம் தனியாகக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

2015 பிப்ரவரியில் சியாட்டில் அணியுடன் நடந்ததும் இப்படித்தான். நான்காம் கால்பகுதியில் 24-14 என்று பின்தங்கியிருந்த நியூ இங்கிலாந்தை இரண்டு டச்டவுன்களால் முன்னுக்குக் கொண்டுவந்தவர் பிரேடி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன்பின் சியாட்டில் கோல்கோட்டுக்கு ஒரு யார்டு தொலைவில் வந்து நின்றபோது, ஓரத்தில் நின்று பார்ப்பதைத் தவிர அவர் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. அங்கிருந்து சியாட்டில் எறிந்த பாஸைப் பாய்ந்து பிடித்து ஆட்டத்தைக் காப்பாற்றியவர் மால்கம் பட்லர் என்னும் முதலாண்டு ஆட்டக்காரர். சியாட்டில் அந்த ஒரு யார்டை ஓடிக் கடந்திருந்தால் பிரேடியின் மோதிரம் ஒன்று குறைந்திருக்கும். பிரேடி அதே பிரேடியாகத்தான் இருந்திருப்பார்.

சரி, மோதிரமே கணக்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் முதலிடம் ஓட்டோ கிரஹாமுக்கல்லவா போக வேண்டும்? கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் அணிக்காக 1946 முதல் 1955 வரை பத்துப் பருவங்கள் ஆடினார்; பத்திலும் அணி இறுதிப் போட்டிக்குச் சென்றது; ஏழில் வென்றது. முதல் நான்கும் என்எஃப்எல்லுக்குப் போட்டியாக நடந்த ஏஏஎஃப்சி என்னும் லீக்கில் வென்றவை என்பதால் அவற்றைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. ஆனால் 1950-இல் என்எஃப்எல்லுக்குள் நுழைந்த முதல் ஆண்டிலேயே அதே அணி அங்கும் பட்டம் வென்று அந்தப் பேச்சுக்குப் பதில் சொன்னது. பிரேடிக்கு ஏழு எடுக்க 23 பருவங்கள், கிரஹாமுக்குப் பத்து. ஆனாலும் நீங்கள் அவரை முதலிடத்தில் வைக்க மாட்டீர்கள், நானும் வைக்க மாட்டேன். அதற்கான காரணத்தில்தான் என் வாதமே இருக்கிறது.

கிரஹாமின் பயிற்சியாளர் பால் பிரௌன், ஒவ்வொரு ஆட்ட நகர்வையும் தானே தேர்ந்து, முன்வரிசையில் கார்டு என்னும் நிலையில் ஆடும் இருவரை மாற்றி மாற்றி உள்ளே அனுப்பி, அவர்கள் வாய்வழியாகத் தன் உத்தரவைக் குவார்டர்பேக்குக்குச் சேர்ப்பித்தார். அக்காலத்தில் அது விதிவிலக்கு. இன்று அதுவே நடைமுறை. 1994 முதல் குவார்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சிறு ஒலிபெருக்கி வைக்கப்பட்டு, ஒவ்வொரு நகர்வையும் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்வரை பயிற்சியாளர் அவர் காதில் பேசிக்கொண்டிருக்க முடிகிறது. பந்து கைக்கு வந்தபின் இரண்டரை மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று தீர்மானிப்பது அன்றும் இன்றும் குவார்டர்பேக்கின் வேலைதான். ஆனால் அதற்கு முந்தைய கேள்வி, அதாவது இப்போது ஓடுவதா எறிவதா, எந்தப் பக்கம், யாரை நம்பி என்பது, யுனைடஸின் காலத்தில் நகர்வுக்கு முன் அணியினர் கூடிப் பேசும் ஹடிலுக்குள் முழங்காலிட்டு நின்ற அவர் ஒருவரே விடைகாண வேண்டியதாக இருந்தது. குவார்டர்பேக் என்ற நிலைக்கே உரிய திறமை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிரேடியும் அவர் காலத்துக் குவார்டர்பேக்கான பெய்ட்டன் மேனிங்கும் வெறும் ஏவல் கேட்டவர்கள் அல்லர். எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்துக் கடைசி நொடியில் நகர்வை மாற்றுவதில் இருவரும் வல்லவர்கள், குறிப்பாக மேனிங். ஆனால் கொடுக்கப்பட்டதைத் திருத்துவதும் தானே தொடங்குவதும் ஒன்றல்ல.

1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் பால்டிமோர் கோல்ட்ஸ், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிகளுக்கிடையே நடந்த இறுதிப் போட்டியை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோல்ட்ஸ் 17-14 என்று பின்தங்கியிருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே நேரம் இருக்கிறது. பந்து சொந்த 14 யார்டுக் கோட்டில். யுனைடஸ் அடுத்தடுத்து மூன்று முறை ரேமண்ட் பெர்ரி என்னும் ஒரே ஆளுக்கு எறிந்து 62 யார்டு கடக்கிறார். 7 நொடி மீதமிருக்கையில் ஃபீல்டு கோல் விழுந்து ஆட்டம் சமனாகி, என்எஃப்எல் இறுதிப் போட்டி வரலாற்றில் முதன்முறையாகக் கூடுதல் நேரத்துக்குச் செல்கிறது. முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றியாளர் என்ற நிலை. ஜயண்ட்ஸின் தடுப்பாட்டத்தை வகுத்தவர் பிற்காலத்தில் டல்லஸில் பெரும்புகழ் பெற்ற டாம் லேண்ட்ரி. அதன் நடுவில் நின்றவர் சாம் ஹஃப். பெர்ரியை மறிக்க உதவுவதற்காக ஹஃப் பின்னே நகர்கிறார் என்பதைக் கண்ட யுனைடஸ், அவர் விட்டுச்சென்ற நடு இடத்தின் வழியே ஆலன் அமீச்சியை ஓடவிட்டு ஒரே நகர்வில் இருபது யார்டுக்குமேல் எடுக்கிறார். பின்னர் கோல்கோடு நெருங்குகிறது. ஒரு ஃபீல்டு கோல் போதும், பட்டம் கைக்கு வந்துவிடும். பாஸ் பறிபோனால் எல்லாம் போயிற்று. அந்த இடத்தில் அவர் ஜிம் மட்ஷெல்லருக்குப் பக்கக் கோட்டோரம் ஒரு பாஸ் எறிகிறார், பந்து ஒரு யார்டுக் கோட்டுக்குப் போகிறது, அடுத்த நகர்வில் அமீச்சி உள்ளே விழுகிறார், 23-17. எந்தப் பயிற்சியாளரும் ஒலிவாங்கி வழியே அந்தப் பாஸை எறியச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அதை முட்டாள்தனம் என்று சொல்பவர்களும் உண்டு. ஜயண்ட்ஸ் அணியே அப்படித்தான் எண்ணியிருக்கும் என்பதால்தான் மட்ஷெல்லர் அங்கே தனியாக நின்றார்.

இனி யுனைடஸ் பறிகொடுத்த அந்த 253 பாஸ்கள். யுனைடஸ் ஆடிய காலத்தில், பந்து கையைவிட்டுப் போகும்வரை பாஸைப் பிடிக்கும் ரிசீவரைக் களத்தின் எந்த இடத்திலும் இடிக்கவும் தள்ளவும் தடுப்பாட்டக்காரருக்கு உரிமை இருந்தது. 1978-இல்தான் ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக்கூடாது என்ற விதி வந்தது; குவார்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையினர் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்து எதிரியைத் தடுக்கவும் அப்போதுதான் அனுமதி கிடைத்தது. 1978-க்கு முன் ஒரு பருவத்தில் 4,000 யார்டைத் தாண்டியவர் 1967-இல் 4,007 எறிந்த ஜோ நேமத் ஒருவர்தான். விதி மாறி ஆறே ஆண்டில் டான் மரீனோ 5,084 யார்டும் 48 டச்டவுனும் எடுத்தார். அதே நேமத் வாழ்நாளில் 173 டச்டவுன் பாஸ்களுக்கு 220 பாஸ்களைப் பறிகொடுத்தவர். ஆயினும் கேன்டனில் உள்ள கால்பந்துப் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் இருக்கிறது. கிரிக்கெட்டில் பிராட்மனின் 99.94 போல ஓர் எண்ணைக் காட்டி வழக்கை முடித்துவிடக்கூடிய ஆட்டம் அல்ல இது. இங்கே விதிகள் மாறும்போது எண்களின் பொருளும் மாறிவிடுகிறது. யுனைடஸ் 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச்டவுன் பாஸ் கொடுத்தார். ரிசீவரை அடித்து விரட்டலாம் என்ற காலத்தில் நிகழ்ந்த அந்தச் சாதனையை, எல்லாச் சலுகைகளும் வந்துவிட்ட பிறகு, 2012-இல்தான் டிரூ பிரீஸ் முறியடித்தார்.

என் வாதத்தின் பலவீனமான இடத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைக் கவனிக்காமல் விட்டீர்கள், வேறொருவர் விடமாட்டார். தானே தீர்மானிப்பதுதான் அளவுகோல் என்றால் கிரீன் பே அணியின் பார்ட் ஸ்டாரை என்ன செய்வது? அவரும் நகர்வுகளைத் தானே அழைத்தவர். ஐந்து பட்டங்கள் வென்றவர். 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயின் உறைபனியில், 16 நொடி மீதமிருக்க, பந்தை ஓட்டக்காரர் கையில் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு கோட்டுக்குள் பாய்ந்த முடிவு, 1958-இல் யுனைடஸ் எடுத்ததற்குக் குறைந்ததல்ல. ஸ்டாரை நான் இரண்டாமிடத்தில் வைப்பதற்குக் காரணம் அவருடைய பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் அணி ஓட்டத்தையே நம்பி வளர்ந்த அணி என்பதும், யுனைடஸின் அணி அவர் தோளை நம்பியது என்பதும்தான். இது முழுமையான பதில் ஆகாது என்பதை உணர்கிறேன்.

பிரேடியை மூன்றாவதாக வைக்கிறேன். ஜோ மொன்டானாவுக்கும் மேலே. இதற்கும் மோதிரம் காரணம் இல்லை. நான்கு சூப்பர் பவுல்களில் 122 பாஸ்கள் எறிந்து ஒன்றைக்கூடப் பறிகொடுக்காத ஜோ மொன்டானாவின் பிழையின்மைக்கு ஈடில்லை. ஆனால் அவருடைய பயிற்சியாளர் பில் வால்ஷ் வகுத்த அமைப்புக்கு வெளியே அவர் எப்படியிருந்திருப்பார் என்பதைப் பார்க்க நமக்கு அதிக வாய்ப்புக் கிடைக்கவில்லை. பிரேடி நியூ இங்கிலாந்துப் பயிற்சியாளர் பெலிசிக்கை விட்டு டாம்பா அணிக்குப் போய், 43 வயதில், புதிய பயிற்சியாளரிடம் முதல் பருவத்திலேயே வென்றார். அந்த ஆட்டத்தில் அவரிடம் 31-9 என்று தோற்ற பேட்ரிக் மஹோம்ஸ் இப்போது மூன்று மோதிரங்களோடு இருக்கிறார். ஒருவேளை அவர் எட்டாவதையும் வென்றுவிட்டால், 2017-இல் ஹூஸ்டனில் 28-3 என்று பின்தங்கியிருந்த நிலையிலிருந்து பிரேடி திரும்பி வந்து வென்ற அந்த ஆட்டம் உங்கள் கண்ணில் சிறுத்துவிடுமா? சிறுக்காது என்று நீங்கள் எழுதினால், அதற்கான காரணங்களையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றில் மோதிரம் இருக்காது என்று நம்புகிறேன்.

அன்புடன்.